கிப்சனை இறக்கிவிட்ட கம்ப்யூட்டர்

மதுரை சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அமெரிக்க பேஸ்பால் எதற்கு என்று வீட்டில் கேட்டாயிற்று. அக்கா மகனுக்கு செயின்ட் லூயிஸில் வேலை. பொங்கலுக்கு வந்தவன் என் பழைய லேப்டாப்பில் ஒரு பேஸ்பால் சிமுலேஷன் கேமை ஏற்றிவிட்டுப் போனான். கண்ணைப் பறிக்கும் படமெல்லாம் கிடையாது. பழைய சீசன்களின் நிஜக் கணக்கை வைத்துக்கொண்டு, ஆட்டம் பந்து பந்தாக எழுத்தில் ஓடும். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் லீக் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். எனக்கு அதுவே போதும். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் 1968 சீசனைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

பேட்டிங் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1968-இல் ரன் எடுப்பதே குதிரைக் கொம்பு. பேட் பிடிப்பவர்களுக்கு உதவ, மறு வருடமே பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கேமிலும் 1-0, 2-1 என்றுதான் முடிகிறது.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் எதிரணியை நடத்தும் கம்ப்யூட்டர் மேனேஜர் மேல்தான். கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம். பேஸ்பாலில் பிட்சரை வெளியே எடுத்தால் அன்றைக்கு அவர் கதை முடிந்தது. அதனால் எப்போது எடுப்பது என்பதில்தான் மேனேஜரின் சாமர்த்தியமே இருக்கிறது.

அந்த வருட உலகத் தொடரின், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரின், முதல் ஆட்டம். நான் டெட்ராய்ட், கம்ப்யூட்டர் செயின்ட் லூயிஸ். நிஜத்தில் அன்று செயின்ட் லூயிஸ் பிட்சர் பாப் கிப்சன் 17 பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) ஆக்கி, 4-0 என்று முடித்துக் கொடுத்தார். அந்த சீசனில் 34 ஆட்டம் தொடங்கி 28-ஐக் கடைசி வரை வீசியவர். மீதி ஆறிலும் அவருக்குப் பதில் பேட் பிடிக்க ஆள் அனுப்பியதால் வெளியேறினாரே தவிர, இன்னிங்ஸ் நடுவில் ஒருமுறைகூட இறக்கவில்லை. என் லேப்டாப்பில் என்ன நடந்தது? மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது, கிப்சன் பக்கம் 3-0, பதினோரு ஸ்டிரைக் அவுட். நூறாவது பந்து விழுந்ததும் 'பிட்சர் மாற்றம்' என்று ஒரு வரி. கிப்சன் வெளியே! அடுத்து வந்தவரை அடித்து நான் 4-3 என்று ஜெயித்தேன். ஜெயித்தும் டீ தொண்டையில் இறங்கவில்லை.

அக்கா மகனுக்கு போன் போட்டேன். "மாமா, அது இந்தக் காலத்து மேனேஜர் மாதிரி யோசிக்குது. 2020 உலகத் தொடர்ல பிளேக் ஸ்னெல்னு ஒரு பிட்சரை 73 பந்துலயே எடுத்தாங்க, தோத்தாங்க" என்றான். "ஸ்னெல்லை எடுத்தா எடுக்கட்டும்டா, கிப்சன் மேல ஏன் கை வைக்குது?" என்றேன். சிரிக்கிறான்.

செட்டிங்ஸில் களைப்பு அளவைக் குறைக்கலாம். ஆனால் அது எல்லா பிட்சருக்கும் சேர்த்துத்தான் குறைகிறது. குறைத்துப் பார்த்தேன், ஒன்பது ரன் வாங்கிய ஒரு சொத்தை பிட்சரையும் கடைசி வரை நிற்க வைத்தது.

இன்னொரு கூத்து, இடக்கை வலக்கைப் பைத்தியம். என் பக்கம் இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் பேட்டோடு வந்தால் போதும், இடக்கைக்கு இடக்கை பந்து அடிக்கச் சிரமம் என்று உடனே இடக்கை பிட்சரைக் கூப்பிடும். நான் என் ஆட்டக்காரரைத் திருப்பி அழைத்து வலக்கைக்காரரை அனுப்புவேன். வந்த பிட்சர் அந்தக் காலத்து விதிப்படி ஒருவருக்காவது வீச வேண்டும். வீசியதும் அவரையும் மாற்றிவிடும். இப்படியே சீண்டி, ஒன்பதில் முடியாமல் சமனில் இழுத்த ஒரு ஆட்டத்தின் பதின்மூன்றாவது இன்னிங்ஸில் பிட்சர்களே தீர்ந்துபோய் ஒரு அவுட்ஃபீல்டரை மேட்டில் ஏற்ற வைத்தேன். அன்று மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன்.

கணக்கில் பிரியம் உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் பிட்சர் மாற்றத்தை மட்டும் இரண்டு அணிக்கும் நீங்களே செய்யுங்கள், அதற்கு வழி இருக்கிறது. என்ன, இருபது நிமிட ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கும். நேற்று அதே முதல் ஆட்டத்தை அப்படித்தான் ஆடினேன். எட்டாவது இன்னிங்ஸில் ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவரைப் பத்து நிமிடம் காக்க வைத்துவிட்டேன், பாவம். கிப்சன் ஒன்பதும் வீசினார். 2-0, எனக்குத் தோல்வி.