ஏர் சஸ்பென்ஷன் வண்டி குத்துகிறதா? காயிலா, ரீகண்டிஷனா, புதுசா?

பதினோரு வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் செடானை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் என்ற ஒரே ஆசைக்காகத்தான். வாங்கிய வாரமே ஆசை இறங்கிவிட்டது. கோவை திருச்சி ரோடு மேம்பாலத்தில் வரும் இணைப்புகளை முதுகுத்தண்டாலேயே எண்ணலாம் போலிருந்தது. இதற்கு முன் வைத்திருந்த சின்ன கார் இதைவிட மெத்தென்று போகும்.

முதலில் காட்டிய மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்னார்: "ஏர்ல போடற காசு காத்துல போடற காசுங்க சார். காயிலுக்கு மாத்தி விட்டுருங்க, தலைவலி தீர்ந்துச்சு." காயில் என்றால் சாதாரண இரும்புச் சுருள் ஸ்பிரிங். இன்னொருவர், கழற்றிக் கொடுத்தால் ரீகண்டிஷன் செய்து தருவதாகச் சொன்னார். மூன்றாவது வழி புது ஸ்ட்ரட், அதாவது காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முழுப் பாகம். அதன் விலையைக் கேட்டதும் நானே போனை வைத்துவிட்டேன். கடைசியில் போட்டது என்னவோ அதைத்தான். ஏன் என்பதுதான் இந்த அலசல்.

மூன்றையும் எடைபோடும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி குத்துவதும் வண்டி உட்காருவதும் வேறு வேறு நோய். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து கிடந்தால் காற்றுப் பையிலோ குழாயிலோ கசிவு. சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால், பைகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக்கைப் பார்க்க வேண்டும். என் வண்டி ராத்திரி முழுக்க நின்றும் ஒரு விரல்கூட இறங்கவில்லை. சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன், நான்கு பக்கமும் சரி. உயரம் குறைந்திருந்தால் சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கிறது என்று சொல்லலாம். அதுவும் இல்லை. அப்படியென்றால் காற்றுப் பையின் மேல் என்ன குற்றம்?

டயரிலிருந்து ஆரம்பித்தேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சாதாரண பாரத்துக்கு ஒரு பிரஷர், முழு பாரத்துக்கு ஒரு பிரஷர் என்று இரண்டு போட்டிருந்தது. காற்று அடிக்கும் இடத்தில் இரண்டையும் பார்க்காமல் நான்கிலும் 40 psi ஏற்றியிருந்தார்கள். காலையில் டயர் சூடாவதற்கு முன் இறக்கிச் சரிசெய்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

அப்புறம் செய்ததுதான் செலவே இல்லாத, ஆனால் உருப்படியான சோதனை. என் சித்தப்பா மகனிடம் இதே மாடல் இருக்கிறது, ஆனால் 17 அங்குல வீல். என்னுடையது பழைய ஓனர் ஆசைப்பட்டுப் போட்ட 19, அதிலும் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீல்களை மாற்றிப் போட்டு ஓட்டினோம். 245/40 ஆர்19 டயரின் பக்கச் சுவர் உயரம் 98 மி.மீ. 225/55 ஆர்17 டயரில் அது 124 மி.மீ. மொத்த விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. அந்த 26 மி.மீ. கூடுதல் ரப்பரும், ரன்-ஃபிளாட்டின் விறைத்த பக்கச் சுவர் இல்லாததும் சேர்ந்து குத்தலில் பாதியைத் தின்றுவிட்டன. என் 19 அங்குல வீலோடு தன் வண்டியை ஓட்டிய அவன் பல்லடம் ரோட்டில் பத்து நிமிடம் போவதற்குள் "வீலைக் குடுத்துரு அண்ணா" என்றான்.

மீதிப் பாதிக்கு டாஷ்போர்டில் ஒரு பட்டனே பதில் வைத்திருந்தது. கம்ஃபர்ட்டிலும் ஸ்போர்ட்டிலும் மாற்றி மாற்றி ஒரே குழியில் இறக்கினேன். துளி வித்தியாசம் இல்லை. டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) கடினத்தை மின்சாரத்தால் மாற்றும் வண்டிகள் பலவற்றில், அதற்கு மின்சாரம் வராவிட்டால் டேம்பர் விறைப்பான நிலையிலேயே நின்றுவிடும். வண்டி நிலைகுலையக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டதும் முன் வலது டேம்பர் சர்க்யூட் என்று வந்தது. மல்டிமீட்டரில் இடதுபக்க டேம்பரின் மின் வால்வு 2 ஓம் அளவில் காட்டியது, வலதுபக்கம் இணைப்பே இல்லை. ஒன்று போனதும் என் வண்டியின் கம்ப்யூட்டர் நான்கு டேம்பரையும் கைவிட்டிருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

இப்போது மூன்று வழிகளையும் பாருங்கள். ரீகண்டிஷன் என்று வருவதில் பெரும்பாலும் புதிதாக இருப்பது ரப்பர் பையும் சில சீலும்தான். உள்ளே இருக்கும் டேம்பர் உங்களுடையதோ, வேறு யாரோ கழற்றிப் போட்டதோ, எப்படியும் பழசு. வண்டி உட்காரும் நோய்க்கு அது நல்ல மருந்து, விலையும் நியாயம். குத்தும் நோய்க்கு அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு ரீகண்டிஷன் பேசியவரிடம் "உள்ளே டேம்பர் மாத்துவீங்களா?" என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது. இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்காமல் விடாதீர்கள். டேம்பரையும் திறந்து சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. நான் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

காயில் கிட் விலையில் முந்திக்கொள்ளும், பராமரிப்பும் எளிது. கம்ப்ரசர் கவலை, வால்வ் பிளாக் கவலை எல்லாம் ஒரேயடியாகத் தீரும். ஆனால் அதோடு வருவது சாதாரண டேம்பர். கம்ஃபர்ட் பட்டன் வெறும் அலங்காரமாகிவிடும், எச்சரிக்கை விளக்கை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டியும் மாட்ட வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் பாரம். ஏர் ஸ்பிரிங்கில் ஆள் ஏற ஏற உயரத்தைக் காக்க கம்ப்ரசர் காற்றை ஏற்றும், அழுத்தத்தோடு ஸ்பிரிங்கின் விறைப்பும் கூடும். அதனால் ஒருவர் போனாலும் ஐந்து பேர் போனாலும் வண்டி ஆடும் வேகம் ஏறக்குறைய மாறாது. இரும்புச் சுருளுக்கு ஒரே விறைப்புதான். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினாலும் அடி தட்டக் கூடாது என்று கிட் செய்பவர் கொஞ்சம் கெட்டியாகத்தான் செய்வார். நான் பெரும்பாலும் தனியாகப் போகிறவன். குத்துகிறது என்று போய், காசு கொடுத்து இன்னொரு குத்தலை வாங்கி வந்திருப்பேன்.

இந்தச் சண்டை ஒன்றும் புதிதில்லை. 1957-ல் கேடிலாக் எல்டொராடோ புரோம் காற்று சஸ்பென்ஷனோடு வந்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் பல ஓனர்கள் அதைக் காயிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்று அது சரியான முடிவு. உயரத்தைப் பார்த்து டேம்பரையும் திருத்தும் கம்ப்யூட்டர் அப்போது இல்லையே.

ஆகவே புது ஸ்ட்ரட். வலதுபக்கம்தான் போயிருந்தது என்றாலும் முன்பக்கம் இரண்டையும் மாற்றினேன். ஒரு பக்கம் புது டேம்பர், மறுபக்கம் பதினோரு வருடப் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது இழுக்குமோ என்ற பயம். மாட்டும்போது பக்கத்தில் நின்றது நல்லதாயிற்று. காற்று ஏற்றாமல் வண்டியின் பாரத்தை இறக்கினால் புதுப் பை மடிந்து கிழிந்துவிடும். கடைப் பையன் ஜாக்கை இறக்கப் போனான், நான்தான் தடுத்தேன். அப்புறம் ஸ்கேனரில் உயரம் செட் செய்து, அதன் பிறகே வீல் அலைன்மென்ட். இந்த வரிசை மாறினால் அலைன்மென்ட் காசு வீண்.

பதினான்கு மாதம், 16,000 கி.மீ. ஓடியாயிற்று. கம்ஃபர்ட் என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிகிறது. பின்பக்கம் இன்னும் பழைய பைகள்தான், கம்ப்ரசரும் அதே பழசு. அவை எப்போது கையை விரிக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. வெளிக் கம்பெனிகளின் புது ஏர் ஸ்ட்ரட்டையும் நான் போட்டுப் பார்த்ததில்லை. அதில் மின் வால்வு உள்ள டேம்பர்தானா என்று பார்த்து வாங்கினால் என்னுடையதைவிடக் குறைந்த செலவில் முடியலாம்.

காயில் யாருக்குச் சரி என்றால், வண்டியின் மதிப்பே இரண்டு ஸ்ட்ரட் விலையை நெருங்கிவிட்டவர்களுக்கு. அவர்களும் விற்கும்போது மறைக்க வேண்டாம். வாங்குபவர் ஸ்கேனரோடு வரும் காலம் இது.

நான் 17 அங்குலத்துக்கே மாறிவிட்டேன். வாங்கும் முன் பிரேக் காலிப்பர் உள்ளே இடிக்காமல் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 19 அங்குல வீல் நான்கும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. போட்டோ பார்த்துவிட்டு மூன்று பேர் வந்தார்கள்; "உங்க வண்டி இதுல எப்படிங்க ஓடுச்சு?" என்று கேட்டார்கள், சொன்னேன், போய்விட்டார்கள்.