கருவேல முள் ஊரில் டிரெயில் ஓட்ட எந்த டயர் ஏற்பாடு? தடி ட்யூப், மூஸ், டியூப்ளிஸ் அனுபவம்

மதுரையைச் சுற்றி மண் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சர் என்றால் ஆணி இல்லை, முள். சீமைக்கருவேல முள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே வெட்டச் சொல்லி உத்தரவு போட்ட மரம், இன்னும் கண்மாய்க்குக் கண்மாய் ஜம்மென்று நிற்கிறது. என்னிடம் இருப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக். முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச், இரண்டும் கம்பி போட்ட ரிம், ட்யூப் டயர். கண்மாய்க் கரை, வைகை மணல், மேலூர் பக்கத்துக் குவாரி ரோடு, காரியாபட்டி பக்கம் கரிசல் வண்டிப்பாதை என்று பல வருடமாக ஓட்டியதில் கம்பெனி ட்யூபில் ஆரம்பித்து, தடி ட்யூபுக்கு மாறி, இப்போது பின் சக்கரத்தில் டியூப்ளிஸ் (டியூப்லெஸ் இல்லை, கம்பி ரிம்முக்கான தனி செட்) ஓடுகிறது. மூஸ் (காற்றுக்குப் பதில் நுரை ரப்பர் வளையம்) என் வண்டியில் போட்டதில்லை. கூட வருகிற மாப்பிள்ளை ஒருவர் போட்டிருக்கிறார், அவர் வண்டியை நிறைய ஓட்டியிருக்கிறேன். (சிறுமலை, அழகர்மலை காப்புக்காட்டுக்குள் வண்டி விடுவது பற்றி யாரும் கேட்க வேண்டாம். அது சட்டப்படி தப்பு, நான் போவதும் இல்லை.)

முதலில் இந்த முள்ளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதை வாங்கினாலும் இது புரியாவிட்டால் காசு வீண். பச்சை முள்ளைவிடக் காய்ந்த முள்தான் மோசம். கரிமூட்டம் போட வெட்டிய இடம், வயலுக்கு வேலியாக வெட்டிப் போட்ட இடம், இங்கெல்லாம் தரை முழுக்கக் கிடக்கும். டயரில் ஏறியதும் வெளியே நீட்டுகிற பாகம் ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் உட்கார்ந்துகொள்ளும். அப்போது காற்று இறங்காது. சக்கரம் சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஏறிய முள் புதன்கிழமை ஆபீஸ் போகும்போது காளவாசல் தாண்டியதும் வேலையைக் காட்டும்.

பஞ்சர் கடையில் ட்யூபைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஓட்டையை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவியும் பார்ப்பார்கள், ஆனால் இந்த நுனி விரலுக்குத் தட்டுப்படவே படாது. அரிசியில் பாதி நீளம்கூட இருக்காது, வண்டி பாரம் ஏறி டயர் அமுங்கும்போதுதான் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு பிடி பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க இழுக்க வேண்டும். பஞ்சு எங்கே நூல் விட்டு மாட்டுகிறதோ அந்த இடத்தைக் கையால் வளைத்துப் பிதுக்கினால் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். உள்ளேயிருந்து மூக்கு பிளேயரால் பிடுங்க வேண்டும், வெளியிலிருந்து நோண்டினால் இன்னும் உள்ளே போய்விடும். இதைச் செய்யாமல் மாட்டினால் மறுநாளும் அதே இடத்தில் பஞ்சர்.

இரண்டாவது எதிரி கல். மண்ணில் பிடிமானம் வேண்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டும்போது, குவாரி ஜல்லியில் சக்கரம் மோதினால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழும். ஸ்நேக் பைட் என்பார்கள். முள்ளுக்கும் இதற்கும் மருந்து ஒன்றே இல்லை, கடைக்காரர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகப் பேசித்தான் விற்கிறார்கள்.

தடி ட்யூப் நசுங்கல் பஞ்சருக்கு அருமையான தீர்வு. சாதாரண ட்யூப் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும், அல்ட்ரா ஹெவி என்று வருவது நான்கு மில்லிமீட்டர். அதைப் போட்ட பிறகு குவாரி ரோட்டில் 15, 16 பிஎஸ்ஐ காற்று வைத்துத் தைரியமாக ஓட்டினேன், ஸ்நேக் பைட் என்ற பேச்சே இல்லாமல் போனது. ஆனால் முள்ளுக்கு? தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நீள முள் நான்கு மில்லியையும் தாண்டும். மேலும் கனம் அதிகம், நான்குவழிச் சாலையில் தொடர்ந்து வேகமாகப் போனால் சூடும் ஏறும், மே மாதத்தில் டயரைத் தொட்டால் தெரியும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கேலிபர் வைத்து அளந்துவிடுங்கள். நான்கு மில்லி என்று அச்சடித்து எனக்கு வந்த ஒரு ட்யூப் மூன்றுகூட இல்லை, திருப்பி எடுக்கச் சொல்லி அந்த விற்பனையாளரிடம் மல்லுக்கட்டியது தனிக் கதை.

ட்யூப் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். டால்கம் பவுடரை உள்ளே தாராளமாகத் தட்டுங்கள், ட்யூபும் டயரும் உரசி வரும் தேய்மானம் குறையும். வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள், மேலே தள்ளி மூடியோடு முட்டவிடுங்கள். குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து நிற்கும், பார்த்ததும் சரி செய்யலாம். நட்டை இறுக்கியிருந்தால் சாய இடமில்லாமல் அடியோடு கிழியும், அதை எந்த பேட்சாலும் ஒட்ட முடியாது. 15க்குக் கீழே இறக்கி ஓட்டுவதாக இருந்தால் ரிம் லாக் (டயர் ரிம்மில் நழுவாமல் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) கட்டாயம்.

மூஸ் என்பது ட்யூபுக்குப் பதிலாக டயருக்குள் அடைக்கிற நுரை ரப்பர் வளையம். காற்றே இல்லை, அதனால் பஞ்சரும் இல்லை. மிஷலின் கம்பெனியின் பிப் மூஸ்தான் இதில் பழைய பெயர், பந்தயங்களில் ஓடுவது. புதுசில் ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ காற்று வைத்த மாதிரி இருக்கும். கூட்டவோ குறைக்கவோ முடியாது. மாப்பிள்ளை வண்டியில் முள் மேட்டில் ஏறி இறங்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அது வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் அவர் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருகிறார், இறக்குகிறார், ஓட்டுகிறார், திரும்ப ஏற்றிவிடுகிறார். நான் வீட்டிலிருந்து தார் ரோட்டில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய், திரும்பவும் அதே ரோட்டில் வருகிற ஆள். தாரில் தொடர்ந்து ஓட்டினால் நுரைக்குள் சூடு ஏறி அது உள்ளுக்குள்ளேயே உடைய ஆரம்பிக்கும், நம் ஊர் வெயிலைக் கேட்கவே வேண்டாம். தயாரிக்கிறவர்களே பொதுச் சாலைக்கு இல்லை என்றுதான் சொல்கிறார்கள். தவிர, ஜெல் தடவி மாட்ட வேண்டும், நாளாக ஆகச் சுருங்கித் தொளதொளவென்று ஆகும், மாட்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். ஆக, பாதையில் எவ்வளவு முள் என்பதைவிட, வீட்டுக்கும் பாதைக்கும் நடுவில் எவ்வளவு தார் ரோடு என்பதுதான் முதல் கேள்வி. வாங்குவதற்கு முன்னால் இதை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் டியூப்ளிஸ். ரிம்மை ஒட்டி உள்ளே ஒரு சின்ன ட்யூப், அதில் 100 முதல் 110 பிஎஸ்ஐ. அது டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வெளி அறையில் வேண்டிய காற்று. ஆக, கம்பி ரிம்மிலேயே டியூப்லெஸ் மாதிரி ஓடும், ரிம் லாக் வேலையையும் அதுவே பார்க்கும். ரிம்மில் இரண்டாவது ஓட்டை போட வேண்டும், நல்ல பட்டறையில் அளந்து போட்டு பிசிறைத் தேய்த்துவிட்டால் போதும். இதில்தான் முள் பிரச்சினை எனக்கு உண்மையாகவே தீர்ந்தது. முள் குத்தினால் வெளி அறையில் ஊற்றியிருக்கும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) பெரும்பாலும் தானாகவே அடைத்துவிடுகிறது. அடைக்காவிட்டால் பஞ்சர் குச்சியைச் சொருகி, நீட்டுகிறதை வெட்டிவிட்டு, காற்றடித்துக் கிளம்பலாம், சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். என் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. அடியில் கல் அடுக்கிச் சக்கரம் கழற்றி, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டால் டயரை அமுக்கி விளிம்பை விடுவிக்கிற வேலையைச் சித்திரை வெயிலில் செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறை இல்லாமல் இல்லை. உள் ட்யூபின் காற்று மெல்ல இறங்கும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பார்த்து ஏற்ற வேண்டும். சாதாரண கை பம்பு 100ஐத் தொடாது, நல்ல சைக்கிள் பம்பு தேவை. இதுவும் ஆஃப்ரோடுக்கு மட்டும் என்றே விற்கப்படுகிறது. தார் ரோட்டில் வெளி அறைக் காற்றைக் கூட்டிவிட்டு மெதுவாகத்தான் வருகிறேன், அது என் சொந்தப் பொறுப்பு. தினமும் நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறில் போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், நீங்கள் தடி ட்யூபோடு இருங்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது, பின் சக்கரம் 17 இன்ச், இந்த செட் 18, 19, 21க்குத்தான் வருகிறது. ஹிமாலயன் 450 ஆட்கள் கம்பெனி தருகிற டியூப்லெஸ் கம்பி ரிம்முக்குப் போவதே நல்லது.

சீலன்ட்டை ட்யூபுக்குள் ஊற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சின்ன முள் ஓட்டைக்கு ஓரளவு கேட்கும். ஆனால் அது மீறிப் பஞ்சர் ஆனால், கடைக்காரர் சொல்வது "அண்ணே, உள்ள பச்சையா என்னமோ ஊத்தியிருக்கீங்க, பேட்ச் ஒட்டாது"தான். துடைத்துக் காயவைத்து ஒட்டுவதற்குப் பதில் புது ட்யூப் போட்டுவிடலாம்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் பின் டயரில் பட்டன் (மேலே துருத்தி நிற்கிற ரப்பர் கட்டைகள்) எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். தேய்ந்த டயரில் முள்ளுக்கும் ட்யூபுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, அதற்குள் எதைப் போட்டும் புண்ணியமில்லை. எனக்குப் பஞ்சர் சரமாரியாக வந்ததெல்லாம் டயரின் கடைசி மாதங்களில்தான்.

முன் சக்கரத்தில் இன்னும் நான்கு மில்லி ட்யூப்தான். முன் டயர் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போகும், குத்து வாங்குவது பின் டயர். கழற்றுவதும் முன் சக்கரம் சுலபம், செயின் தொல்லை இல்லை. அதற்கும் ஒரு டியூப்ளிஸ் வாங்கும் காசுக்கு ஒரு நல்ல டயர் வரும், அடுத்த முறையும் டயர்தான் வாங்குவேன்.