காட்டாற்றங்கரையில் பறவை பார்க்க: 8×42 பைனாகுலரா, 10×42-ஆ?

காவிரிக் காட்டுப் பக்கம் வனத்துறை அனுமதியோடு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்களா? 8×42 வாங்குங்கள். எண்ணூர் கழிமுகமும் பழவேற்காடும்தான் உங்கள் இடம் என்றால் 10×42.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×42-இல் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2 மி.மீ. உச்சி வெயிலில் கண்மணி 2, 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடுவதால் இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையில். அப்போது நீர்மருது மரங்களுக்கு அடியில் அரையிருட்டு, கண்மணி விரிந்திருக்கும். மீன்கொத்தியின் நிறம் 8×42-இல்தான் தெளிவாகப் பிடிபடும்.

இன்னொன்று பார்வைப் பரப்பு. 1000 மீட்டர் தூரத்தில் 8×42 பெரும்பாலும் 130 மீட்டர் அகலம் காட்டும்; 10×42 ஏறக்குறைய 110. அரசவால் ஈப்பிடிப்பான் ஒரு கிளையில் நிலைக்காது. பத்து மடங்கில் அதைத் தேடினால் இலைதான் தெரியும், பறவை அதற்குள் போயிருக்கும். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும்.

எண்ணூர், பழவேற்காட்டுச் சேற்றுத்திட்டில் கதை வேறு. அங்கே வரும் சிறு பறவைகளில் கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை; தூரத்தில் இதைப் பிரித்தறிய அந்த இரண்டு மடங்கு கூடுதல் உதவும். வெயில் ஏறியபின் கானல் அசைவையும் அது சேர்த்தே பெரிதாக்கும், அதனால் காலையிலேயே போய்விட வேண்டும்.

வாங்குமுன் காசிமேட்டில் சோதித்துப் பாருங்கள். தூரத்து விசைப்படகில் எழுதிய எண்ணை ஒரு நிமிடம் விடாமல் பாருங்கள். எழுத்து ஆடிக்கொண்டே இருந்தால் பத்து மடங்கு உங்கள் கைக்கு ஒத்துவராது. எழுத்து இரண்டாகத் தெரிந்தாலோ, கண் இழுத்தாலோ, இரு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அந்தப் பீஸ் வேண்டாம். அங்கேயே இரு கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும்படி சரிசெய்துகொள்ளலாம்: வலப்பக்கக் குழாயை மூடி, நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். எண்ணூர் உப்புக்காற்றில் லென்ஸ் மேல் உப்பும் மணலும் படியும். துணியால் நேரே துடைத்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு நுண்ணிழைத் துணி. ஆற்றங்கரையில் மூச்சு பட்டு லென்ஸ் மங்கினால் காத்திருங்கள், தானே தெளியும். வீட்டில் அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். சென்னை ஈரப்பதத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவையுங்கள்.

ஆற்று ஆலாக்கள் கோடையில் மணல்திட்டில் வெறுந்தரையில் முட்டையிடும். அவை தலைக்கு மேல் கத்திச் சுற்றினால், எந்தப் பைனாகுலர் கையில் இருந்தாலும் அங்கிருந்து பின்வாங்கிவிடுங்கள்.