மூன்று குடியேற்றங்கள், மூன்று மதச் சட்டங்கள்: எது மனிதரை அதிகம் நெருக்கியது?

அமெரிக்காவில் ஆங்கிலேயர் முதலில் குடியேறிய காலத்து மதக் கட்டுப்பாடு என்றாலே மாசசூசெட்ஸின் பியூரிட்டன்களைத்தான் (பைபிளைக் கறாராகப் பின்பற்றிய ஆங்கிலேயப் புராட்டஸ்டண்டுகளை) எல்லோரும் கைகாட்டுவார்கள். ஆனால் ஏட்டில் உள்ள தண்டனையை மட்டும் பார்த்தால் வர்ஜீனியாதான் கொடூரம். 1610-11இல் அங்குள்ள ஜேம்ஸ்டவுனில் அதிகாரிகளான தாமஸ் கேட்ஸும் தாமஸ் டேலும் கொண்டுவந்த சட்டப்படி, தினமும் இரண்டு வேளை வழிபாட்டுக்கு வந்தாக வேண்டும். முதல் முறை தவறினால் அன்றைய ரேஷன் கிடையாது. இரண்டாம் முறை சவுக்கடி. ஞாயிறு வழிபாட்டுக்கு மூன்று முறை வராவிட்டால் உயிருக்கே தண்டனை. ரேஷன் வெட்டையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் சுமார் 500 பேர் இருந்த ஊரில் ஏறத்தாழ 60 பேர்தான் பிழைத்தார்கள். அந்த ஊரில் சோற்றை நிறுத்துவதென்றால் என்ன அர்த்தம்!

ஆனாலும் அது சிதறிப்போன ஒரு கூட்டத்தைக் கட்டிமேய்க்க அதிகாரிகள் போட்ட ராணுவ ஒழுங்கு. 1619இல் முதல் சட்டமன்றம் கூடியபோது தேவாலயத்துக்கு வரும் கட்டாயம் தொடர்ந்தது, ஆனால் வராதவருக்கு 3 ஷில்லிங் அபராதம் என்று இறங்கிவிட்டது.

மாசசூசெட்ஸ் கதை வேறு. அங்கே சட்டம் மேலிருந்து மட்டும் வரவில்லை, அண்டை வீட்டுக்காரரும் அதை நம்பினார். 1631 முதல் திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. 1641 சட்டத் தொகுப்பில் மரண தண்டனைக் குற்றங்களுக்குப் பக்கத்திலேயே பைபிள் வசன எண்கள் இருக்கும். 1659இல் கிறிஸ்துமஸுக்கு வேலையை விட்டு விருந்து வைத்தால் 5 ஷில்லிங் அபராதம் என்றார்கள். அந்தப் பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்தின் நெருக்குதலில் 1681இல்தான் அது நீங்கியது. நாடுகடத்தியும் திரும்பி வந்த குவேக்கர்கள் (பியூரிட்டன்கள் ஏற்காத வேறொரு கிறிஸ்தவப் பிரிவினர்) நான்கு பேரை 1659க்கும் 1661க்கும் இடையில் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மேரி டயர் ஒருமுறை தூக்குமேடையிலிருந்தே இறக்கி அனுப்பப்பட்டவர். மறுபடி வந்தார், 1660 ஜூன் 1 அன்று தூக்கிலேற்றினார்கள். என் பார்வையில் மிக ஆழமாக இறங்கிய சட்டம் இதுதான். ஊரே காவல்காரனாக இருக்கும்போது ஒளிய இடமில்லை.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். பாஸ்டனிலிருந்து 80 கிலோமீட்டருக்குள், அதே காலத்தில், அங்கிருந்து விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸை நிறுவினார். ஊர்ப் பெரும்பான்மையின் முடிவு மதம் சாராத பொது விவகாரங்களில் மட்டுமே செல்லும் என்று குடியேறியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வில்லியம்ஸும் பக்தியில் சளைத்தவரல்ல. வற்புறுத்தி வரவழைக்கும் வழிபாடு கடவுளுக்கே அவமதிப்பு என்று நினைத்தவர்.

அது வெறும் பேச்சில்லை என்பதற்கு 1638இல் நடந்த ஒரு வழக்கு போதும். ஜோஷுவா வெரின் என்பவர், வில்லியம்ஸ் நடத்திய கூட்டங்களுக்குப் போகவிடாமல் தன் மனைவியைத் தடுத்தார், அடித்தார். மனைவி கணவனுக்கு அடங்கியவள்தானே என்று ஊர்க்கூட்டத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் மனசாட்சிச் சுதந்திரத்தைத் தடுத்த குற்றத்துக்காக வெரினின் ஓட்டுரிமையை ஊர் பறித்தது. கணவனுக்கு எதிராக ஒரு பெண்ணின் நம்பிக்கையை ஊர் காத்தது, அதுவும் 17ஆம் நூற்றாண்டில்! மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

பிராவிடன்ஸ் அடங்கிய ரோட் ஐலண்டும் பின்னால் வழுக்கியது. நியூபோர்ட் வணிகர் ஆரன் லோபஸ் யூதர் என்பதால் 1762இல் அங்குள்ள நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. அதே ஆண்டு அவருக்கு அதைக் கொடுத்தது மாசசூசெட்ஸ்.