மோட்டார் தங்கம், டூல் ரெஸ்ட் தகரம்: 8 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டருடன் காரைக்குடி பட்டறையில்

இந்த பெஞ்ச் கிரைண்டர் (மேஜையில் பொருத்தி இரும்பைத் தீட்டுகிற கல் மெஷின்) விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று தேவகோட்டையில் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளை கேட்டார். போனில் பேசினால் திட்டிக்கொண்டே இருப்பேன் என்பதால் எழுதிவிடுகிறேன்.

இரண்டு பக்கக் கல், சிங்கிள் பேஸ், 2850 சொச்சம் ஆர்பிஎம். இதெல்லாம் தெரிந்ததுதான். நல்லதை முதலில் சொல்கிறேன். வெயில் காலச் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும்போதும் மோட்டார் திணறியதில்லை. புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து வரும் ஷாஃப்ட் வேலைக்கு டூல் பிட் (லேத்தில் இரும்பைச் சீவும் உளி) தீட்ட நாள் முழுக்க ஓட்டினாலும் கை வைக்கிற சூடுதான். பேரிங் இன்னும் மாற்றவில்லை. அணைத்த பிறகும் சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றும். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய சோக் போட்ட ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்குவதால், சுற்றுகிற கல் நின்றுவிட்டதாகக் கண்ணை ஏமாற்றும். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டிருக்கிறேன்.

இப்போது அந்த டூல் ரெஸ்ட், அதாவது தீட்டும் துண்டைச் சாய்த்துப் பிடிக்கக் கல்லுக்கு முன்னால் இருக்கும் தாங்கி.

கல்லுக்கும் ரெஸ்ட்டுக்கும் இடையே 3 மிமீக்கு மேல் சந்து கூடாது. ஐடிஐ முடித்து வந்த சின்னப் பையனுக்கும் இது தெரியும். சந்து பெரிதானால் பிடித்திருக்கும் துண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். துண்டோடு விரலும் போகும், இல்லையென்றால் கல் வெடிக்கும். கல்லோ தேய்ந்துகொண்டே இருக்கிற பொருள். 200 மிமீ கல் 170க்கு வந்தால் ஆரத்தில் 15 மிமீ போய்விட்டது; அந்த அளவுக்கு ரெஸ்ட்டை முன்னால் தள்ள வேண்டும். இந்த மெஷினில் தள்ளவே முடியாது. ரெஸ்ட்டைத் தாங்கும் பட்டையில் அதை நகர்த்த வெட்டியிருக்கும் நீளத் துளை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது! பாதிக் கல் மிச்சம் இருக்கும்போதே ரெஸ்ட் எட்டாமல் நின்றுவிடும். நல்ல கல்லைத் தூக்கிப் போடு, இல்லை விரலைப் பணயம் வை என்கிறார்கள் மெஷின் செய்தவர்கள்.

எங்களுக்கு வருவதில் பாதி பொடி வேலை. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறவர்கள் ஒரு சாண் நீளச் சாவியைக் கொண்டுவந்து இதேபோல் இன்னொன்று வேண்டும் என்பார்கள். அதன் பல்லைக் கரடாகக் கல்லில் குறைத்து, அப்புறம் அரத்தால் ராவ வேண்டும். சந்துக்குள் சிக்குவது இந்த மாதிரித் துண்டுதான்.

சர்வீஸ்காரர் வந்து பார்த்தார். “எல்லாரும் இப்படித்தாண்ணே ஓட்டுறாங்க” என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

அப்புறம் நாங்களே செய்தோம். 6 மிமீ பட்டையில் வரிசையாக ட்ரில் போட்டு, நடுவில் இருந்ததை வெட்டி எடுத்து அரம் போட்டதும் வேண்டிய நீளத்துக்குத் துளை கிடைத்தது. அதிர்வில் நட் தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷர். மேலே ரெஸ்ட்டுக்குப் பழைய கட்டுமானத் தகட்டில் ஒரு துண்டு. இப்போது கல் கடைசி வரை தேய்கிறது. ரெஸ்ட்டை நகர்த்துவது மெஷினை அணைத்து, கல் முழுதாக நின்ற பிறகுதான். ஓடும்போது ஸ்பேனரோடு யாராவது கிட்டே போனால் அன்று அவனுக்கு அர்ச்சனை.

நியாயமாகச் சொன்னால் இந்த விலையில் இப்படி ஒரு மோட்டார் கிடைக்காது. ஆனாலும் வாங்காதீங்க மாப்பிள்ளை. இருபது ரூபாய்ப் பட்டையில் மிச்சம் பிடித்தவர்களுக்கு என் கையால் இன்னொரு சிபாரிசு போகாது. வாங்கியே தீருவேன் என்றால், அந்த ரெஸ்ட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு இங்கே வாங்க. பட்டை மிச்சம் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் வெட்டிக் கொடுத்துவிடுகிறேன்.