பைனாகுலரா, மெர்லினா? கோடைக்காலை பறவைகளுக்கு எது?

பங்குனி பிறந்ததும் விடிவதற்கு முன்பே குண்டுகரிச்சான் ஆன்டெனாக் கம்பியில் ஏறிப் பாடத் தொடங்கிவிடும். புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: முதலில் பைனாகுலர் வாங்கலாமா, குரலைக் கேட்டே பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி போதுமா?

மார்கழி, தையில் ஏரிக்கரை என்றால் யோசிக்காமல் பைனாகுலர் என்பேன். 8x42 நல்ல அளவு: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. பத்து மடங்கு வாங்கினால் கை நடுங்கும்போது பறவையும் நடுங்கும். ஆனால் இப்போது கதை வேறு. நம் ஊர்ப் பறவைகள் கூடு கட்டும் காலம். பாட்டு நிறையக் கேட்கும், பாடுகிற ஆளோ இலைக்குள் இருப்பார். தையல்சிட்டின் சத்தத்தைக் கேட்டுக் காக்கை அளவுப் பறவையைத் தேடினால் கட்டைவிரல் அளவில் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இங்கே மெர்லின் முந்துகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தரும் இலவசச் செயலி. ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021இல் வந்தது. நம் பகுதிக்கான தொகுப்பை முன்பே இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பைக் சத்தம் குறுக்கே வந்தால் திணறும், அது சரி. துடுப்புவால் கரிச்சான் போல அடுத்த பறவையின் குரலில் பேசுகிறவை இருக்கும் காட்டில், காட்டிய பெயரை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பெயருக்கு மேல் செயலி போகாது. 'கூஊ' என்று குரல் உயர உயரக் கூவுவது ஆண் குயில். 'கிக்கிக்கிக்' என்று படபடப்பது பெண். செயலி இரண்டுக்கும் குயில் என்றே காட்டும். கறுப்பு ஆணையும் வெள்ளைப்புள்ளி போட்ட பழுப்புப் பெண்ணையும் கண்ணால் பார்த்தால்தான் விஷயம் புரியும். செம்மார்புக் குக்குறுவான் இன்னும் வேடிக்கை. செம்புக்குடம் தட்டுவதுபோல 'டுக் டுக்' என்று நாளெல்லாம் கேட்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் எந்தக் கிளை என்றே பிடிபடாது. பைனாகுலரில் ஒருமுறை சிக்கினால் தெரியும்: அலகு திறக்கவே திறக்காது, தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்கும்.

என் ஓட்டு இந்தப் பருவத்துக்கு மெர்லினுக்கே. பெயர் திரையில் வருமுன் நீங்களே ஒரு பெயர் சொல்லிப் பாருங்கள், இரண்டு வாரத்தில் காது பழகிவிடும். அப்புறம் பைனாகுலர் வாங்கலாம். ஒன்று மட்டும் வேண்டாம்: பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது. எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.