சிறுவர் ரோடு பைக்: 24 அங்குலமா, 650சி-யா, பெரியவர்கள் சைக்கிளா?

மகளுக்கு 11 வயது, உயரம் 142 செ.மீ. வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு தேடினால் மூன்று வழிகள் தென்படுகின்றன. 24 அங்குலச் சக்கரம் கொண்ட சிறுவர் சைக்கிள், 650சி சக்கரம் கொண்ட சற்றே பெரிய சிறுவர் சைக்கிள், பெரியவர்களுக்கான 700சி சைக்கிளில் ஆகச் சிறிய ஃப்ரேம். (650சி, 700சி என்பவை சக்கர அளவின் பெயர்கள்.) நாங்கள் வாங்கியது 24 அங்குலம். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எடை, கியர் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அலுமினிய ஃப்ரேம் போதும். முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் ஏழோ எட்டோ இருந்தால் பிள்ளைக்கும் குழப்பமில்லை, பராமரிப்பவருக்கும் தலைவலியில்லை. வளரும் பிள்ளைக்கு கார்பன் ஃப்ரேம் வீண் செலவு.

"வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே வாங்கிவிடு" என்று உறவினர் அத்தனை பேரும் சொன்னார்கள். சட்டைக்கு அது சரி. சைக்கிளுக்குச் சரிவராது. பெரியவர்கள் சைக்கிளில் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கம்பியின் நீளம் பெரும்பாலும் 165 மி.மீ. அல்லது அதற்கு மேல். குட்டைக் கால்கள் அதைச் சுற்றும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மிகச் சிறிய ஃப்ரேமில் 700சி சக்கரத்தைப் பொருத்தும்போது, திருப்பத்தில் முன்சக்கரம் கால்விரலில் இடிப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் லீவர் விரலுக்கு எட்டாது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் அப்படி ஒரு சைக்கிளில் என் மகளை விட எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் பிள்ளை 150 செ.மீ. தாண்டியிருந்தால் 24 அங்குலத்தை மறந்துவிட்டு நேராக 700சி பக்கம் போங்கள். ரோடு பைக்குக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் சைக்கிள்கள் பரவியதால் அந்த டயரும் டியூபும் இப்போது எளிதாகவே கிடைக்கின்றன.

உயரத்தை மட்டும் பார்த்தால் 650சி-தான் என் மகளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு கூடுதலாக உழைத்திருக்கும். அதை நான் ஒதுக்கியதற்கு ஒரே காரணம் டயரும் டியூபும். அணைப் பக்கம் போகும் சாலையோரமெல்லாம் வேலிக்காத்தான். முள் ஏறாத வாரம் அபூர்வம். பஞ்சர் ஆனால் உள்ளூரிலேயே தீர்வு வேண்டும். 650சி டயரைக் காட்டி விசாரித்தபோது மெக்கானிக் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த அளவு இங்கே வராது சார், பெங்களூரில்தான் கேட்க வேண்டும்."

அந்த அளவைத்தான் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 25-571, 32-507 என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 650சி என்றால் 571. கடைக்காரர் அதையும் "26 அங்குலம்" என்றே சொல்லக்கூடும். மலைப்பாதை சைக்கிளின் 26 அங்குலம் 559, பெண்களுக்கான பழைய சைக்கிள்களில் வரும் 26 x 1 3/8 டயர் 590. மூன்றும் 26 அங்குலம்தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது.

24 அங்குலத்திலும் 520, 540 என்று வேறு அளவுகள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது 507. பிள்ளைகளின் 24 அங்குல கியர் சைக்கிள்களில் இருப்பதும் அதே ரிம் அளவுதான். அதன் டியூப் சற்றுப் பருமனாக இருக்கும். ஆனாலும் லேசாகக் காற்றடித்து, மடிப்பு விழாமல் பொருத்தினால் அவசரத்துக்கு வேலை செய்கிறது. டயர் விஷயம் வேறு. 1.75 அங்குல டயர் பெரும்பாலான ரோடு ஃப்ரேம்களில் நுழையாது. ஒல்லி டயர் ஒன்றை முன்கூட்டியே வரவழைத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்வையும் பாருங்கள். மோட்டார் பைக், காரில் வரும் ஷ்ரேடர் வகையாக இருந்தால் நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் சிறிய அடாப்டர் ஒன்றை இருக்கைக்கு அடியில் மாட்டும் பையில் போட்டுவையுங்கள். கம்ப்ரஸரில் கவனம் தேவை, சின்ன டியூப் நொடியில் நிரம்பி வெடித்துவிடும். 32 மி.மீ. டயருக்கும் மகளின் எடைக்கும் 40 முதல் 50 பிஎஸ்ஐ தாராளம். நான் அளவுமானி உள்ள கைப்பம்பைத்தான் நம்புகிறேன்.

மறுவிற்பனையில் 24 அங்குலம் பின்தங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் பிள்ளை வளர்ந்துவிடும், இங்கே அதைத் தேடி வருபவரும் குறைவு. ஓசூர், பெங்களூரு பக்கம் நல்ல விலை வரும் என்பது என் எதிர்பார்ப்பு மட்டுமே, நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. பந்தயத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் பற்றியும் அனுபவத்திலிருந்து பேச என்னால் முடியாது. அவர்களுக்குப் பயிற்சியாளர் சொல்வதே சரி.

கடையில் பணம் கொடுக்கும் முன் பிள்ளையைச் சைக்கிளில் உட்காரவைத்து, ஹேண்டில்பாரின் வளைவில் கை வைத்துப் பிரேக்கை இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். எட்டவில்லை என்றால் லீவரில் தூரத்தைக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று கேளுங்கள். பல சிறுவர் சைக்கிள்களில் இருக்கும், ஆலன் கீயால் அங்கேயே திருகித் தருவார்கள்.